சிப்பியை நன்றாக வேகவைத்தால் பாசி நஞ்சு போய்விடுமா? சட்டியில் போட்ட பூண்டோ வெள்ளிக்காசோ கறுத்தால்தான் நஞ்சு என்ற சோதனையை நம்பலாமா?

போகாது. பூண்டு கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் ஒன்றுதான், வெள்ளிக்காசும் அப்படியே. சட்டி அடுப்பில் ஏறிய பிறகுதான் பலர் இதைக் கேட்கிறார்கள், அதனால் சுற்றிவளைக்கவில்லை.

இந்தப் பாசி நஞ்சின் பெயர் சாக்ஸிடாக்ஸின். அது கிருமி இல்லை, வெந்நீரில் சாவதற்கு. அலெக்ஸாண்ட்ரியம் போன்ற நுண்பாசிகள் உண்டாக்கும் சிறு மூலக்கூறு அது. சிப்பி கடல்நீரை வடிகட்டித் தின்னும்போது அதன் உடம்பில் சேர்கிறது. நெடுங்காலமாக ஆய்வகங்களில் அதைச் சோதித்த முறையைக் கேளுங்கள்: அரைத்த சதை 100 கிராம், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மி.லி., இரண்டையும் கலந்து 5 நிமிடம் கொதிக்கவைப்பார்கள். ஆறிய தெளிவில் 1 மி.லி. எடுத்துச் சுண்டெலிக்கு ஊசி போடுவார்கள். நஞ்சு இருந்தால் அத்தனை கொதிக்குப் பிறகும் எலி சாகும். உங்கள் புளிக்குழம்பு எம்மாத்திரம்? புளிப்பில் அந்த நஞ்சு இன்னும் பத்திரமாகவே இருக்கும். வேகும்போது கொஞ்சம் சாற்றில் இறங்கும் என்பது சரி, ஆனால் நாம் அந்தச் சாற்றையும் விடுவதில்லையே. ஃப்ரீசரும் உதவாது.

"தலைமுறையாகத் தின்கிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். பெரும்பாலான நாள்களில் ஒன்றும் ஆகாதுதான். சிப்பியையே விடச் சொல்லவில்லை. ஆனால் 1981இல் தமிழ்நாட்டில் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 3 பேர் இறந்தார்கள். 1997 செப்டம்பரில் கேரளக் கடற்கரையில் விழிஞ்ஞத்தில் 7 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம்தான் வரம்பு, தூள் உப்பில் ஓரிரு பரல் எடை. மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. கடல் சிவந்தால்தான் ஆபத்து என்பதும் பிழை, தெளிந்த நீரிலும் போதுமான பாசி இருக்கும்.

இப்படி நடந்தால் உடனே "கெட்டுப்போன சிப்பி" என்று எழுதிவிடுகிறார்கள். பழி விற்ற பெண்ணின் தலையில் விழுகிறது. காலையில் எடுத்த, உயிரோடிருக்கும் சிப்பியிலும் இந்த நஞ்சு இருக்கும். அவள் கூடையைக் கழுவி என்ன பயன்? அறுவடை செய்யும் இடத்தில் மாதிரி எடுத்துச் சோதித்து, வரம்பு தாண்டினால் அந்தப் பகுதியை மூடுவதுதான் வழி.

தின்று அரை மணி முதல் 2 மணி நேரத்தில் உதடும் நாக்கும் சுறுசுறுவென்றால், பிறகு விரல்நுனி மரத்துப்போனால், உடம்பு மிதப்பதுபோல் இருந்தால், மோர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளரும், புரையேறும். வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். மாற்றுமருந்து கிடையாது. மூச்சுத்தசை நின்றால் கருவிதான் மூச்சு விடவேண்டும், முதல் 12 முதல் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். கை கால் அசையாமல் கிடந்தாலும் அவர்களுக்கு நினைவு இருக்கும், பக்கத்தில் நின்று கண்டபடி பேசாதீர்கள். மீந்த குழம்பைக் கொட்டாமல் மூடி எடுத்துப் போங்கள். ஆய்வகத்துக்கு அது வேண்டும்.