லாண்டூர்ல ஹிந்தி படிக்கப் போறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஹிந்தி டியூஷன் எடுக்குறேன், அதுக்கு முன்னாடி உத்தரகாண்ட் மலைல முசௌரிக்கு மேல இருக்குற லாண்டூர்ல ஆறு மாசம் தங்கிப் படிச்சேன். அதைப் பத்தி ஒரு தடவ சொன்னதுல இருந்து கேள்வி மேல கேள்வி வருது, சிலதுக்கு இங்க பதில் சொல்லிடறேன்.

முத்தியால்பேட்டைல இருந்து ஒரு அக்கா: என் தங்கச்சி பொண்ணு பாரிஸ்ல பொறந்து வளந்தவ. தமிழ் பேசுவா, எழுதத் தெரியாது. அங்க ஹிந்தி படிக்கப் போறா. தமிழ் உதவுமா, கொழப்புமா?

ரொம்பவே உதவும்க்கா. வெளிநாட்டுப் பசங்க தடுமாறுறதே வார்த்தைய எந்த வரிசைல வைக்கிறதுன்னுதான், நம்ம புள்ளைக்கு அது தானா வரும். "எனக்குப் பசிக்குது" அப்படியே "முஜே பூக் லகீ ஹை", நான்னு ஆரம்பிக்காம எனக்குன்னு ஆரம்பிக்கிறது ரெண்டுலயும் ஒண்ணுதான். "போயிட்டான்"னு நாம ரெண்டு வினைய சேக்குற மாதிரி அவங்க "சலா கயா"ம்பாங்க. தமிழ்ல இல்லாதது நாற்காலி ஆணா, மேசை பொண்ணாங்குற விஷயம், ஆனா அது ஃப்ரெஞ்சுல இருக்கே, அவளுக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்பாலா பெண்பாலான்னு புதுசா மனப்பாடம் பண்ணணும், அவ்ளோதான். ரெண்டு மொழியும் கைல வெச்சிருக்கா, தைரியமா அனுப்புங்க.

கடலூர் ஓ.டி.ல (பழைய டவுன்) இருந்து ஒரு தம்பி: டீச்சர், நான் 'கானா' சொன்னா எல்லாரும் திருத்துறாங்க. என்ன தப்பு?

தம்பி, நம்ம எழுத்துல பாட்டுக்கும் 'கானா', சாப்பாட்டுக்கும் 'கானா', அவங்களுக்கு அது வேற வேற எழுத்து. நம்ம ஒரே 'க'வுக்கு அங்க நாலு இருக்கு. எங்க டீச்சரம்மா ஒரு சின்னத் துண்டு பேப்பர என் வாய்க்கு நேரா ரெண்டு விரலால புடிச்சுக்கிட்டு சொல்லச் சொன்னாங்க, பாட்டு கானாவுக்கு பேப்பர் அசையக்கூடாது, சாப்பாட்டு கானாவுக்கு மூச்சு பட்டு துடிக்கணும். மூணு நாள் எனக்கு அது துடிக்கவே இல்ல, நாலாவது நாள் காலைல துடிச்சப்ப அவங்க முகத்துல வந்த சந்தோஷத்த இன்னைக்கும் மறக்கல. தினம் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னாடி பண்ணு, வந்துடும்.

அடுத்து 'நே' வரும்போது கொஞ்சம் நிதானமா இரு, சாப்பிட்டேன், பாத்தேன்னு முடிஞ்ச வேலைய சொல்றப்ப செஞ்சவங்க பேரோட ஒட்டுற சொல்லு அது. ஆம்பளப்பையன் நீ சொன்னாலும் "மைனே ரோட்டீ காயீ" (நான் ரொட்டி சாப்பிட்டேன்)தான், ஏன்னா வினை உன்னைப் பாக்காது, ரொட்டியைப் பாக்கும், ரொட்டி பெண்பால்.

நெல்லிக்குப்பத்துல இருந்து ஒரு அம்மா: பையன் தனியா ரூம் எடுத்து சமைக்கப் போறான். உடம்பு தாங்குமா?

தாங்கும்மா, முதல் வாரம் மட்டும் பாத்துக்கணும். நம்ம ஊரு கடல் மட்டம், லாண்டூர் 2,000 மீட்டருக்கு மேல, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும், பயந்துட வேணாம், மெதுவா நடக்கட்டும், தண்ணி நெறைய குடிக்கட்டும். அந்த உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், அதனால திறந்த பாத்திரத்துல சோறு நம்ம ஊரு கணக்குல இறக்கினா நடுவுல அரிசியா நிக்கும், பருப்பு சுத்தமா வேகாது. சின்ன குக்கர் ஒண்ணு கண்டிப்பா குடுத்து அனுப்புங்க. இட்லி மாவு குளிர்ல பொங்காது, வெந்நீர்ப் பாத்திரத்துல வெச்சு கம்பளி சுத்தினாதான் மறுநாளாவது எழும்பும். தயிருக்கும் அதே கததான்.

அரியாங்குப்பம்: குரங்கு தொல்லை உண்டா?

உண்டு. பிளாஸ்டிக் கவர்ல எதையும் தொங்கவிட்டு நடக்காதீங்க, பைக்குள்ள வைங்க. ஜன்னல மூடிட்டு வெளிய போங்க.

புதுச்சேரில இருந்து ஒரு தங்கச்சி: ரெண்டு மாசமா லாண்டூர்லதான் இருக்கேன்க்கா, கிராமர் எல்லாம் வருது, பேச மட்டும் வரல. ஊருக்கே திரும்பிடலாம்னு இருக்கு.

திரும்பாதம்மா. உன் கூட படிக்கிறவங்க பாதிப்பேரு வெளிநாட்டுக்காரங்களா இருப்பாங்க, நம்ம ஹிந்தி ஸ்கூல் நடக்குற கெல்லாக் சர்ச்சுல கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் இங்கிலீஷுக்குப் போயிடுவீங்க, எனக்கும் அதுதான் நடந்துச்சு. ஒரே ஒரு காய்கறிக்கடைய புடிச்சுக்கோ, தினம் அங்கயே போ, வேணும்கிறத மொத்தமா வாங்காத, இன்னைக்கு தக்காளி நாளைக்கு வெங்காயம்னு வாங்கு. நான் 'சார் துக்கான்'ங்குற கடைங்க பக்கம் ஒரு வயசான அம்மாகிட்ட வாங்குவேன், அவங்க வீட்டுல கட்வாலிங்குற அந்த மலைப்பக்கத்து மொழி, என்கிட்ட ஹிந்தி, அவங்களுக்கும் அது பள்ளிக்கூடத்து மொழிங்கிறதால நிறுத்தி நிதானமா பேசுவாங்க. "கல்" வந்தேன்னு சொன்னேன்னா நேத்து வந்தியா, நாளைக்கு வருவியான்னு வினையத்தான் கவனிப்பாங்க, ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானே. ஒரு நாள் நான் உடம்பு முடியாம போகல, மறுநாள் "ஏன் வரல"ன்னு கேட்டாங்க, யோசிக்காம முழுசா ஒரு பதில் சொன்னேன், சொல்லி முடிச்சப்புறம்தான் அது ஹிந்தின்னே தோணுச்சு. உனக்கும் அந்த நாள் வரும், இன்னொரு மாசம் இரு. வீட்டுக்கு ஃபோன் பண்றத வேணா சாயங்காலம் ஒரு நேரத்துக்கு வெச்சுக்கோ, நாள் பூரா தமிழ்லயே இருக்காத.

எந்த மாசம் போறது?

ஏப்ரல், இல்லன்னா அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் மழைல துணியே காயாது, பாதைல அட்டைப்பூச்சி வேற இருக்கும்.