கரண்ட் போய் வந்ததும் மாடி சென்சார்கள் ஊமையாகிவிடுவது ஏன்?

கேள்வி: மதுரை திருநகரில் கீழும் மேலுமாக வீடு. கீழே ஹாலில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) ஓடும் கணினி, அதில் செருகிய ஒரு ஜிக்பீ டாங்கிள் (ஸ்மார்ட் கருவிகளோடு ஒயரில்லாமல் பேசும் சின்னக் கருவி), முப்பத்துச் சொச்சம் கருவிகள். மற்ற நாளில் எல்லாம் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் மட்டும் மாடிக் கதவைத் திறந்தாலும் சென்சாரில் எதுவும் வருவதில்லை. டாங்கிளை மாற்ற வேண்டுமா?

பதில்:

டாங்கிளில் கை வைக்காதீர்கள். முதலில் உங்கள் ஸ்மார்ட் பிளக்குகள் எந்த லைனில் தொங்குகின்றன என்று பாருங்கள்.

ஜிக்பீயில் கரண்டில் ஓடும் கருவிகள்தான் ரூட்டராக இருந்து மற்றவற்றின் செய்தியைக் கடத்தும். பேட்டரி சென்சார் கடத்தாது. பக்கத்தில் இருக்கும் ஒரு ரூட்டரைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே பேசும். நம் ஊர் வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் போகும். மிஞ்சினால் ஒரு டிவி பாயின்ட். கீசர், வாஷிங் மெஷின், ஏசி எல்லாம் நேரடி ஈபி. ஸ்மார்ட் பிளக்கை நாம் மாட்டுவதோ கீசரிலும் வாஷிங் மெஷினிலும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால், ஹால் டாங்கிள் இன்வெர்ட்டரில் உயிரோடு இருக்கும், மாடி சென்சார்களுக்கு வழி கொடுத்த பிளக்குகள் அத்தனையும் செத்துக் கிடக்கும். சில சென்சார்கள் வேறு ரூட்டரைத் தேடிச் சேர்ந்துவிடும். சில கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். கரண்ட் வந்தாலும் பட்டனை அமுக்கினால்தான் எழும். தேடிக்கொண்டே இருப்பவை பேட்டரியைத் தின்னும் என்பது கூடுதல் நஷ்டம்.

ஆக வேண்டியது, இன்வெர்ட்டர் லைனில் மாடிக்குக் குறைந்தது இரண்டு ரூட்டர், கீழே இரண்டு. ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும். காங்கிரீட் தளத்தைத் துளைத்து அலை மேலே போவதை நம்ப வேண்டாம். மாடிப்படி திறந்திருக்கும் இடம்தான் நல்ல பாதை. படிக்குக் கீழே ஒன்று, படி ஏறி முடியும் இடத்தில் ஒன்று வையுங்கள். பீரோவுக்குப் பின்னாலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் வைத்த பிளக் பாதி வேலைதான் செய்யும்.

பிளக் போட இன்வெர்ட்டர் பாயின்ட் இல்லையென்றால் லைட் போர்டுக்குள் சுவிட்ச் மாட்யூல் (சாதாரண சுவிட்சை ஸ்மார்ட் ஆக்கும் சின்னப் பெட்டி) வைக்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நியூட்ரல் வேண்டாத மாட்யூல்கள் பெரும்பாலும் ரூட்டர் ஆகாது. கரண்டில் ஓடினாலும் பேட்டரி சென்சார் மாதிரியே நடந்துகொள்ளும். நியூட்ரல் கேட்கும் மாட்யூலாக வாங்குங்கள், ரூட்டராக வேலை செய்யுமா என்று விவரத்தைப் படித்துவிட்டு. போர்டில் 5 ஆம்ப் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே வந்திருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது. ஒரே போர்டில் ஈபி நியூட்ரலும் இன்வெர்ட்டர் நியூட்ரலும் இருந்தால் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது, ஆர்சிசிபி (கசிவு இருந்தால் கரண்டை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச்) ட்ரிப் ஆகும். இது எலக்ட்ரீஷியன் வேலை, மெயினை இறக்கிவிட்டுத்தான். சுவருக்குள் தகரப் பெட்டி பதித்திருந்தால் சிக்னல் முன்பக்கம் வழியாக மட்டுமே வெளியே வரும். மாட்யூலை அடியில் திணிக்காமல் பிளாஸ்டிக் பிளேட்டை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் பல்பை ரூட்டராக நம்பாதீர்கள். அம்மாவோ அப்பாவோ சுவரில் சுவிட்சைத் தட்டி அணைத்த நொடியில் அந்த வழி அறுந்துவிடும். அவர்களைத் திருத்துவதைவிட பல்பைச் சாதாரண பல்பாக்கி, சுவிட்சை ஸ்மார்ட் ஆக்குவது எளிது.

கரண்ட் வந்த பிறகு தொல்லை தருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வைஃபை. வைஃபை ரூட்டரில் சேனல் 'ஆட்டோ'வில் இருந்தால், அணைந்து எரியும்போது அது வேறு சேனலுக்குத் தாவி ஜிக்பீ மேல் உட்கார்ந்துவிடலாம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். வைஃபை சேனல் 1 ஜிக்பீயின் 11 முதல் 14 வரையும், சேனல் 6 16 முதல் 19 வரையும், சேனல் 11 21 முதல் 24 வரையும் மூடும். வைஃபையை 1-ல் பூட்டி, அகலத்தை 40-லிருந்து 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துவிட்டு, ஜிக்பீயை 25-ல் வையுங்கள். பக்கத்து வீட்டு வைஃபை 6-லோ 11-லோ இருந்தாலும் 25 தப்பிக்கும். 26 வேண்டாம், சில கருவிகள் அதில் குறைந்த சக்தியில்தான் பேசும். ஓடும் நெட்வொர்க்கில் சேனலை மாற்றினால் பிளக்குகள் பின்னால் வந்துவிடும். பேட்டரி சென்சார்களில் சிலதை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

டாங்கிளைக் கணினியின் நீல யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருந்தால் அதன் இரைச்சல் 2.4-ஐக் கெடுக்கும். யூஎஸ்பி 2 துளையில், ஒரு மீட்டருக்குக் குறையாத எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள். இருநூறு ரூபாய் வேலை, பல வீடுகளில் இதுவே பாதி நோய்.

புது ரூட்டர்களை டாங்கிளுக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, அவை நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே சேருங்கள். சென்சார் கடைசியில், அதுவும் தன் கதவிலேயே. டாங்கிள் பக்கத்தில் சேர்த்துவிட்டு மாடிக்குத் தூக்கிப்போனால், அது பழைய பிடியை விடாமல் தொங்கும்.

பிறகு சோதனை. ஒரு மத்தியானம் ஈபி மெயினை மட்டும் இறக்கி, இன்வெர்ட்டர் ஓட, ஒரு மணி நேரம் விடுங்கள். ஒவ்வொரு கதவையும் கையால் திறந்து பாருங்கள். திரையில் 'ஆன்லைன்' என்று நிற்பதை நம்பாதீர்கள்: ஜிக்பீ2எம்க்யூடிடி (டாங்கிளை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் மென்பொருள்), 'அவைலபிலிட்டி' வசதியை இயக்கியிருந்தாலும், அதன் இயல்பு அளவில், பேட்டரி கருவி 25 மணி நேரம் பேசாமல் இருந்தால்தான் ஆஃப்லைன் என்று காட்டும். மெயினை ஏற்றிவிட்டு மறுபடி ஒரு சுற்று. இப்போதும் பேசாத சென்சாருக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனில் ரூட்டர் இல்லை என்று பெரும்பாலும் அர்த்தம்.

மெயினை ஏற்றும்போது எரியும் ஸ்மார்ட் லைட்டுகளைக் குறித்துக்கொண்டு, 'கரண்ட் வந்ததும் பழைய நிலை' என்ற அமைப்பை அவற்றில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது படுக்கையறை முழு வெளிச்சத்தில் விழித்துக்கொள்ளும்.