பிஎச்பி ஸ்கிரிப்ட் (வலைப்பக்கத்தை உருவாக்கும் நிரல்) வீட்டுக் கணினியில் ஓடுது, சேர்வரில் ஏற்றினால் வெறும் வெள்ளைப் பக்கம், ஒரு பிழையும் காட்டவில்லை. யாரிடம் கேட்கலாம்?

ஒருவரிடமும் கேட்க முதல் எரர் லொக்கை, அதாவது சேர்வர் பிழைகளைக் குறித்து வைக்கும் பைலை, திறந்து பாருங்கள். "ஒரு பிழையும் காட்டவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். காட்டாதுதான், ஆனால் எழுதி வைத்திருக்கும். ஹோஸ்டிங் சேர்வர்களில் பிழைகளைத் திரையில் காட்டாமல் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் உங்கள் பைல் எந்த போல்டரில் கிடக்கிறது என்று பார்க்கக் கூடாதே. உங்கள் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம் சிபனல் என்றால் 'எரர்ஸ்' என்ற இடத்தில் பாருங்கள், அல்லது ஸ்கிரிப்ட் இருக்கும் போல்டரிலேயே எரர் லொக் என்ற பெயரில் ஒரு பைல் கிடக்கும்.

இது எனக்குத் தெரியவந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு நேர அட்டவணைப் பக்கம் செய்தேன். வீட்டில் விண்டோஸில் வடிவாக ஓடியது, ஏற்றினால் வெள்ளை. இரவு ஒரு மணி வரை அதே பைல்களைத் திருப்பித் திருப்பி ஏற்றிக் களைத்துப்போய், ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். அங்கே பின்னேரம் மூன்றரை, ஆள் வேலையில். அவர் கேட்டது ஒன்றுதான்: "லொக்கில என்ன கிடக்கு, தம்பி?" அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. திறந்தால் ஒரே வரி மேலிருந்து கீழ்வரை, ஹெடர் பைலைக் காணவில்லையாம். கோட்டில் நான் பெரிய எச் போட்டிருக்கிறேன், பைலின் பெயரில் சின்ன எச். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சேர்வரில் ஓடும் லினக்ஸ் எடுக்காது. உங்களுடைய பிரச்சினையிலும் என் முதல் சந்தேகம் இதில்தான். அடுத்தது பிஎச்பி பதிப்பு. பழைய கோட்டில் தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் இருந்தால் (நடுவில் 'ஐ' இல்லாத பழையது), அதை பிஎச்பி 7.0 இலேயே நீக்கிவிட்டார்கள், அந்த வரியோடு நின்றுவிடும்.

சரி, லொக் சொல்லிவிட்டது, ஆனால் பிழை காட்டுகிற இடமும் பிழை இருக்கிற இடமும் ஒன்றில்லை. அந்த நேர அட்டவணைப் பக்கத்திலேயே ஒரு நாள் அறிவித்தல்கள் மட்டும் வரவில்லை. பிரவுசரில் எஃப்12 ஐ அமத்திக் கன்சோலைப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் கத்துகிறது, ஜேசன் (சேர்வர் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) எதிர்பாராமல் முடிந்துவிட்டதாம். இரண்டு மணித்தியாலம் ஜாவாஸ்கிரிப்டைக் கிண்டினேன். அப்புறம்தான் நெட்வொர்க் பகுதியில் சேர்வர் அனுப்பிய பதிலைத் திறந்து பார்க்க வேண்டுமென்று தோன்றியது. நிலை 200, அதாவது எல்லாம் சரி என்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அப்போ பிழை பிஎச்பி பக்கம். பாதிக் கோட்டைக் கொமெண்ட் ஆக்கி (ஓடாமல் நிறுத்தி), மிச்சத்தில் பாதியை ஆக்கி, அப்படியே குறுக்கிக்கொண்டு போனதில் தலைப்பைச் சுருக்கப் போட்ட சப்ஸ்டர் (எழுத்துத் தொடரை வெட்டும் பிஎச்பி கட்டளை) வரியில் வந்து நின்றேன். அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட், அதோடு சேரும் குறிக்கு இன்னும் 3. "கணித வகுப்பு" என்பதை 20 பைட்டில் வெட்டினால் "கணித வக" என்பதற்கு 19 போய்விடும், மிச்சம் இருக்கும் ஒரு பைட் உகரக் குறியின் உடைந்த துண்டு. அந்தத் துண்டைக் கண்டதும் தரவை ஜேசனாக மாற்றும் ஜேசன் என்கோட் ஒரு சத்தமும் இல்லாமல் ஃபால்ஸ் என்று திருப்பிவிடும், அதை எக்கோ பண்ணினால் வெறுமைதான் வரும். நான் சோதித்ததெல்லாம் ஆங்கிலத் தலைப்புகளோடு, எப்படிப் பிடிபடும்! பைட்டை விட்டு எழுத்தை எண்ணும் எம்பி சப்ஸ்டர் போட்டதும் சரியாகிவிட்டது. அதுவும் சில இடத்தில் "வகு"வை "வக" ஆக்கிவிடும், ஆனால் பக்கம் விழாது.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் தாராளமாகக் கேளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. கைபேசியால் திரையைப் படம்பிடித்துப் போடாமல், லொக்கின் கடைசிப் பத்து வரியையும் பிஎச்பி பதிப்பையும் அப்படியே எழுத்தாகக் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். கோட்டையும் போடுவதென்றால் தரவுத்தளக் கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.