எம்.எல்.ஏ. வரை போனவர் மறுபடியும் பள்ளி வாரியத்துக்கே ஏன் வந்தார்?

கேள்வி இது: அமெரிக்காவில் பள்ளிக்கூட வாரியத்துக்குக்கூடத் தேர்தல் நடக்குமாமே, அதில் ஜெயித்தவர்கள் என்னதான் செய்வார்கள், அதை வைத்து யாராவது அரசியலில் மேலே வந்திருக்கிறார்களா?

மேலே போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது மேலே போய்விட்டுத் திரும்பிக் கீழே இறங்கி வந்த ஒருவரைப் பற்றி. பெயர் ஜாக்கி கோல்ட்பெர்க். லாஸ் ஏஞ்சலஸில் நாங்கள் குடியிருக்கும் ஹைலேண்ட் பார்க் பகுதிக்கு இவர்தான் சில வருடம் பள்ளி வாரிய உறுப்பினர்.

முதலில் வாரியம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு. லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் நாட்டிலேயே இரண்டாவது பெரியது. நியூயார்க்குக்கு அடுத்தது இதுதான். மேயருக்கு இதன்மேல் நேரடி அதிகாரம் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஏழே ஏழு பேர் உட்கார்ந்து பட்ஜெட் போடுவது, மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளரை வேலைக்கு வைப்பது, அனுப்புவது, எந்தப் பள்ளியை மூடுவது, பிள்ளைகள் வகுப்பில் செல்போன் வைத்திருக்கலாமா என்பது வரை முடிவு செய்வார்கள். (செல்போன் தடை 2024 ஜூனில் 5-2 என்று நிறைவேறியது. என் பெண் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, ஏதோ நான் ஓட்டுப் போட்டு நிறைவேற்றியது மாதிரி.)

கோல்ட்பெர்க் 1944இல் பிறந்தவர். 1964இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைக்காக மாணவர்கள் நடத்திய பெரிய போராட்டத்தில் இவரும் இவருடைய சகோதரர் ஆர்ட்டும் இருந்தார்கள். அப்புறம் ஆசிரியர் வேலை, காம்ப்டனில். காம்ப்டன் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டித்தான் இருக்கிறது, ஆனால் அது தனிப் பள்ளி மாவட்டம். இது சின்ன விஷயம் போலத் தெரியும். கலிஃபோர்னியா சட்டப்படி ஒரு மாவட்டத்தில் சம்பளம் வாங்குபவர் அதே மாவட்டத்தின் வாரியத்தில் பதவி ஏற்க முடியாது, வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பக்கத்து மாவட்டத்து டீச்சருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

1983இல் முதல் முறை வாரியத்துக்கு ஜெயித்தார். எட்டு வருடம் இருந்தார், கடைசி இரண்டு வருடம் தலைவர். 1993இல் நகர மன்றத்துக்கு நின்று டாம் லபோஞ்சைத் தோற்கடித்தார். தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் நின்று அந்த மன்றத்துக்குள் போன முதல் பெண் இவர்தான். அங்கே இவர் செய்ததில் பெரியது, நகராட்சி ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி கொடுத்தாக வேண்டும் என்ற 1997 சட்டம். மேயர் ரியோர்டன் அதை ரத்து செய்தார், மன்றம் அவரையும் மீறி நிறைவேற்றியது. 2000இல் மாநில சட்டமன்றம். அங்கே கல்விக் குழுத் தலைவர், அதோடு ஒரே பாலின இணையர்களுக்குக் கணவன் மனைவிக்கு உள்ள உரிமைகளில் பெரும்பாலானவற்றைக் கொடுத்த 2003 சட்டத்தைக் கொண்டுவந்தவரும் இவர்தான். இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற வரம்பு இருப்பதால் 2006இல் வெளியே வந்தார். அறுபது வயது தாண்டிவிட்டது, நம் ஊர் என்றால் அடுத்து ராஜ்யசபா என்று பேச்சு ஓடியிருக்கும்.

பதின்மூன்று வருடம் கழித்து, 2019இல், எழுபத்து நான்கு வயதில் மறுபடியும் பள்ளி வாரியத்துக்கு நின்றார். சட்டமன்றத்தில் இருந்தவர் வார்டு தேர்தலுக்கு நிற்பது மாதிரி. எனக்கு அப்போதுதான் இந்த ஊர் அரசியல் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். எங்கள் ஐந்தாவது தொகுதியின் உறுப்பினராக இருந்த ரெஃப் ரோட்ரிகஸ், 2015 தேர்தலில் தன் சொந்தப் பணத்தையே உறவினர், நண்பர் பெயரில் நன்கொடையாகக் காட்டிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2018 ஜூலையில் பதவி விலகினார். ஏழு பேர் வாரியத்தில் ஒரு நாற்காலி காலி. இங்கே சார்ட்டர் பள்ளி என்று ஒன்று உண்டு: அரசுப் பணம், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி. அதற்கு ஆதரவாக ஒரு கூட்டம், எதிராக ஆசிரியர் சங்கம், இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு வாரியத் தேர்தலும் இழுபறி. 2017 வாரியத் தேர்தலுக்கு இரு தரப்பும் சேர்ந்து செலவு செய்தது ஏறக்குறைய 1.5 கோடி டாலர். பள்ளி வாரியத்துக்கு! அந்த வருடம் வரை முழுநேர உறுப்பினரின் சம்பளமே 45,637 டாலர்தான், அப்புறம்தான் 1,25,000 ஆக ஏற்றினார்கள்.

2019 ஜனவரியில் ஆசிரியர்கள் ஆறு வேலைநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மழை வேறு. சிவப்புச் சட்டை, மேலே பிளாஸ்டிக் கோட்டு, கையில் நனைந்து தொங்கும் அட்டை என்று டீச்சர்கள் பள்ளி வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. நாங்கள் பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் கொடுத்தோம். இஞ்சி போட்டது, ஒருவர் மட்டும் முகம் சுளித்தார், மற்றவர்கள் இரண்டாவது கப் கேட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் மார்ச் 5ஆம் தேதி இடைத்தேர்தல். பத்துப் பேர் போட்டி. எங்கள் தபால் பெட்டியில் தினமும் வழவழப்பான நோட்டீஸ் வந்து விழும், எல்லாம் எங்களுக்கு முன் அந்த வீட்டில் குடியிருந்தவர் பெயருக்கு, ஏனென்றால் எங்களிடம் இருந்தது பச்சை அட்டைதான் (கிரீன் கார்டு), வாக்காளர் பட்டியலில் நாங்கள் கிடையாது. யாருக்கோ வந்த நோட்டீஸைப் படித்துத்தான் நான் இந்த அரசியலைக் கற்றுக்கொண்டேன்.

கோல்ட்பெர்க் நாற்பத்தெட்டு சதவீதம் வாங்கினார், பாதியைத் தொடவில்லை, அதனால் இரண்டாம் சுற்று. இரண்டாவது இடம் யாருக்கு என்பதில்தான் வேடிக்கை. மேயர் கார்செட்டியின் முன்னாள் உதவியாளர் ஹெதர் ரெபனிங், ஹண்டிங்டன் பார்க் நகர மன்றத்தைச் சேர்ந்த கிராசியேலா ஓர்டிஸை 31 வாக்கில் முந்தினார். முப்பத்தொன்று! எங்கள் தெருவிலேயே அதைவிட அதிகம் வாக்காளர்கள் இருப்பார்கள். மே 14 இரண்டாம் சுற்றில் கோல்ட்பெர்க்குக்கு எழுபது சதவீதத்துக்கு மேல். இவருக்குப் பின்னால் ஆசிரியர் சங்கம், ரெபனிங்குக்குப் பின்னால் பேருந்து ஓட்டுநர்கள், சாப்பாட்டுக்கூட ஊழியர்கள் இருக்கும் இன்னொரு சங்கம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது தொகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல் ஞாபகம் வரும். வடக்கே நாங்கள், தெற்கே ஹண்டிங்டன் பார்க், சவுத் கேட், மேவுட் மாதிரி லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள், நடுவில் ஒல்லியாக ஒரு கழுத்து. வாக்குப் போடுவதில் வடக்கின் கை ஓங்கியிருக்கும், பள்ளிப் பிள்ளைகள் தெற்கே அதிகம். அந்த ஊர்களிலிருந்து ஒருவர் வரட்டுமே, பழைய வெள்ளைக்கார அரசியல்வாதி எதற்கு என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கோல்ட்பெர்க்கின் அனுபவம் மட்டும் பதிலாகாது என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

2020இல் மறுபடியும் ஜெயித்தார், 2023இல் மறுபடியும் வாரியத் தலைவர். அந்த மார்ச்சில் முன்பு ரெபனிங்குக்கு வேலை செய்த அதே ஊழியர் சங்கம் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தது, ஆசிரியர் சங்கமும் கூடவே வெளியே வந்தது, தலைவர் நாற்காலியில் தொழிற்சங்கத்தின் தோழியான கோல்ட்பெர்க். பாவம், அதுவும் ஒரு நிலைமை. ஜூனில் ஒரு கூட்டத்தில் குடும்பங்கள் பல விதம் என்று சொல்லும் ஒரு குழந்தைப் படப் புத்தகத்தைக் கையில் எடுத்து அவரே சத்தமாக வாசித்தார். ஒரு தொடக்கப்பள்ளியில் அது சம்பந்தமாகப் பெற்றோர்கள் தகராறு செய்திருந்தார்கள். கூட்டங்களை மாவட்டத்தின் சொந்தத் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்புவார்கள், நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி எல்.கே.ஜி. டீச்சர் மாதிரி படிக்கிறார், ஆனால் முகத்தில் கோபம். பழைய டீச்சர் எங்கும் போய்விடவில்லை.

இவர் ஏன் திரும்பி வந்தார் என்பதற்கு என் ஊகம்: சட்டமன்றத்தில் எண்பது பேரில் ஒருவர், இங்கே ஏழில் ஒருவர். அரசுப் பள்ளி வளாகங்களுக்குள் சார்ட்டர் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்குவதைக் குறைக்கும் கொள்கை 2024 பிப்ரவரியில் 4-3 என்றுதான் நிறைவேறியது, அதை முன்னெடுத்தவர்களில் இவர் ஒருவர். இவர் இல்லையென்றால் மூன்று-மூன்று. சார்ட்டர் சங்கம் அடுத்த மாதங்களிலேயே கோர்ட்டுக்குப் போனது, அது வேறு கதை.

2024இல் அவர் நிற்கவில்லை. அதற்குள் நாங்கள் குடியுரிமை வாங்கிவிட்டோம், தபால் வாக்குச்சீட்டு இந்த முறை எங்கள் பெயருக்கே வந்தது. சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜனாதிபதிக்குக் கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்ப அரை நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளி வாரியத்துக்குத்தான் எனக்கும் என் கணவருக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். ஒரு பக்கம் ஆசிரியர் சங்கம் ஆதரித்த சிறப்புக் கல்வி ஆசிரியை கார்லா கிரியேகோ, இன்னொரு பக்கம் 31 வாக்கில் இரண்டாம் சுற்றைத் தவறவிட்ட அதே ஓர்டிஸ். நான் ஒருவருக்கு, என் கணவர் மற்றவருக்கு. கிரியேகோ ஜெயித்தார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஆளுக்கு ஒரு வாக்கு, கணக்கு சரி.