ஆக்சான் இல்லாத செல் எப்படிச் செய்தி அனுப்பும்?
மும்பை மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகையையும் முல்லையையும் மூக்கு பிரித்தறிவதில் முகர்குமிழின் (வாசனைச் செய்தி மூளையில் முதலில் சேரும் பகுதி) இடைநரம்பணுக்களுக்கு (அருகிலுள்ள நரம்பணுக்களின் செய்தியை மாற்றியமைக்கும் செல்கள்) என்ன பங்கு என்று கேட்டிருந்தீர்கள்.

அங்கே மிக அதிகம் இருப்பவை கிரானுல் செல்கள். இவற்றுக்கு, செய்தி அனுப்பும் நீண்ட இழையான ஆக்சானே கிடையாது! நுண்ணிய முட்கள் நிறைந்த கிளையான டெண்ட்ரைட்டே செய்தியை வாங்கும், கொடுக்கவும் செய்யும். வாசனைச் செய்தியை மூளையின் பிற பகுதிகளுக்கு அனுப்பும் மைட்ரல் செல்லின் பக்கவாட்டு டெண்ட்ரைட், தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட்டை விட்டு முள்ளைத் தூண்டும். அதே முள், அடக்கும் வேதிப்பொருளான காபாவை விட்டு அந்த மைட்ரல் செல்லையே அடக்கும். இரண்டு சினாப்ஸும் (செல்கள் செய்தியைக் கைமாற்றும் இணைப்பு) அருகருகே, எதிரெதிர்த் திசையில். 1966-இல் ரால், ஷெப்பர்ட், ரீஸ், பிரைட்மன் ஆகிய ஆய்வாளர்கள் இதை விவரித்தபோது, டெண்ட்ரைட் வாங்க மட்டுமே என்ற பாடம் ஆட்டம் கண்டது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

அப்புறம், ஒரு கிரானுல் செல் பல மைட்ரல் செல்களைத் தொடுவதால் பக்கத்துச் செல்களும் அடங்கும். ஒத்த வாசனைகளைப் பிரிக்க இது உதவுகிறது. மூக்கிலிருந்து வரும் நரம்பிழைகள் சேரும் முடிச்சான குளோமெருலஸைச் சுற்றியுள்ள இடைநரம்பணுக்களோ நுழைவாயிலிலேயே செய்தியை மட்டுப்படுத்துகின்றன.