படுத்திருப்பவரின் கண்ணில் ஓர் அறை

கேள்வி: உள்ளரங்க வடிவமைப்பில் பட்டம் பெற்று, சில ஆண்டுகளாக வீடுகளையும் கடைகளையும் வடிவமைத்து வருகிறேன். இனி மருத்துவமனைகளுக்கு மட்டுமே வேலை செய்ய விரும்புகிறேன். வண்ணம், ஒளி, அறைகலன் பற்றி நான் கற்றவை அங்கே போதுமா?

பதில்: போதாது, ஆனால் எதுவும் வீணாகாது. வீடுகளில் நடமாடுகிறவரின் கண்ணுக்காக வடிவமைத்தீர்கள். மருத்துவமனையில் நீங்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியவர் மல்லாந்து படுத்திருப்பவர். சுவரைவிட மேற்கூரையையே அவர் அதிகம் பார்க்கிறார். தலைக்கு நேர்மேலே கூசும் விளக்கு இருந்தால் அவரால் விலகிப் போகவும் முடியாது. பின்லாந்தில் 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையை வடிவமைத்த ஆல்வர் ஆல்ட்டோ இங்கிருந்துதான் தொடங்கினார். நோயாளிகளின் அறைக் கூரைக்குக் கண்ணை உறுத்தாத பசுமை கலந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததோடு, ஒருவர் கைகழுவும் ஓசை அடுத்த படுக்கையில் இருப்பவரின் உறக்கத்தைக் கெடுக்காதபடி கழுவுதொட்டியின் சரிவையும் அமைத்தார். இத்துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டடத்தின் வரைபடங்களைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பேன்.

வண்ணத்தைப் பற்றிய உங்கள் பழக்கங்களில் சிலவற்றை மாற்றிக்கொள்ள நேரும். பச்சிளங்குழந்தைகளின் அறையில் மஞ்சள் சுவர் இதமாகத் தெரியலாம். ஆனால் அதன் எதிரொளி குழந்தையின் தோலில் விழுந்தால் மஞ்சள்காமாலையைக் கண்டறிவது கடினமாகும். விளக்குகளும் தோலின் நிறத்தை உள்ளபடி காட்ட வேண்டும். மறதிநோய் உள்ள முதியவருக்குத் தரையில் இருக்கும் கருமையான பட்டை பள்ளமாகவும், பளபளக்கும் தரை ஈரமாகவும் தோன்றக்கூடும். அவர் தயங்கி நின்றுவிடுவார் அல்லது தாண்ட முயன்று விழுவார். மனநலப் பிரிவில் கயிறோ துணியோ மாட்டக்கூடிய கொக்கியும் கைப்பிடியும் உயிருக்கே ஆபத்தானவை.

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். இருக்கைக்கும் முதுகுச்சாய்வுக்கும் இடையே இடுக்கு இருந்தால் அழுக்கு அங்கேதான் தங்கும். தரையில் ஒட்டும் வினைல் விரிப்பின் இணைப்புகள் உருக்கி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தரை சுவரைச் சந்திக்கும் இடம் வளைந்து மேலேற வேண்டும். கடைக்கு அழகாக இருந்த நாற்காலித் துணி, கிருமிநாசினியால் ஓயாமல் துடைக்கப்படும்போது சில மாதங்களிலேயே வெடித்துவிடலாம். ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன், எந்தக் கரைசலால், எத்தனை முறை, யார் துடைப்பார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் எந்த விற்பனைக் கையேட்டிலும் இருக்காது.

அப்படியானால் அழகுக்கு இடமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நிச்சயமாக உண்டு, அதற்குச் சான்றும் உண்டு. சூழல் உளவியல் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுள் சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேரையும் செங்கல் சுவரைக் கண்ட 23 பேரையும் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; வீரியமிக்க வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வுதான், ஒவ்வோர் ஓவியத்துக்கும் பூந்தொட்டிக்கும் இதையே ஆதாரமாகக் காட்டுவது முறையன்று. ஆயினும் கட்டில் எந்தத் திசையை நோக்க வேண்டும், சன்னலின் அடிவிளிம்பு எவ்வளவு தாழ வேண்டும் என்பவை சிகிச்சையோடு தொடர்புடைய முடிவுகள் என்று அது நமக்கு உணர்த்தியது.

கேள்வி: இதற்கெனத் தனிச் சான்றிதழ் பெறுவது அவசியமா?

பதில்: கட்டாயமில்லை. சென்டர் ஃபார் ஹெல்த் டிசைன் என்ற அமெரிக்க அமைப்பு வழங்கும் ‘எடாக்’ (EDAC) சான்றிதழ் ஆய்வுச் சான்றுகளைப் படித்துப் பயன்படுத்தும் முறையைக் கற்பிப்பதால் பயனுள்ளது. ஆனால் முதலில் மருத்துவமனைப் பணிகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றில் இளநிலைப் பணியிலாவது சேருங்கள். மாதிரி அறை ஒன்றை முழு அளவில் அமைத்து, செவிலியர் அதில் கட்டிலை உருட்டியும் திருப்பியும் பார்க்கும் நாளில் உடனிருங்கள். கதவின் அகலம், மின்செருகியின் உயரம், கைகழுவும் இடம் ஆகியவற்றில் காகிதத்தில் புலப்படாத பிழைகள் அங்கே வெளிப்படும். இயங்கிக்கொண்டிருக்கும் பிரிவைப் புதுப்பிக்கும் பணி கிடைத்தால் தவறவிடாதீர்கள். கட்டுமானத் தூசியில் பரவும் பூஞ்சை, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைக் கொல்லக்கூடியது என்பதால், தடுப்புகளையும் காற்றோட்டத்தையும் திட்டமிடத் தொற்றுக்கட்டுப்பாட்டுக் குழுவோடு அமர்ந்து வேலை செய்வீர்கள். அந்த அனுபவம் பெற்றவர்களை நிறுவனங்கள் தேடி அழைக்கின்றன.