டேட்டாபேஸை மட்டும் முதலில் கிளவுடுக்கு மாற்றலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை (பிரைவேட் லிமிடெட்) நடத்துகிறோம். ஆபீஸில் இரண்டு சர்வர்கள். ஒன்றில் ஈஆர்பியும் (கொள்முதல், உற்பத்தி, விற்பனையை நிர்வகிக்கும் மென்பொருள்) அதன் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸும்; இன்னொன்றில் டேலியும் 2 டிபி வரைபடக் கோப்புகளும். செலவு ஒரேயடியாக விழாமலிருக்க டேட்டாபேஸை மட்டும் முதலில் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். ஈஆர்பியும் டேட்டாபேஸும் ஒரே நாளில் சேர்ந்தே போகட்டும். ஒரு இன்வாய்ஸ் திரை திறக்க 400 க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் க்வெரிக்கு அரை மில்லிசெகண்டு; 0.2 விநாடியில் திரை வந்துவிடும். மும்பை டேட்டா சென்டருக்குப் போய்வர 30 மில்லிசெகண்டு என்றால் அதே திரைக்கு 12 விநாடி. பெரிய இன்டர்நெட் பிளான் போட்டாலும் குறையாது. நேரத்தைத் தின்பது தூரம்.

டேலியும் அப்படித்தான். டேலி ஆபீஸிலும் டேட்டா கிளவுடிலும் இருந்தால், இணைப்பு பாதியில் அறும்போது டேட்டாவே கெட்டுப்போகலாம். இரண்டையும் ஒரே மெஷினில் வைத்து ரிமோட் டெஸ்க்டாப்பில், விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் திறவுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்குக் கதவைத் திறப்பதுதான்.

ஆகவே முதல் வேலை, எது எதோடு பேசுகிறது என்று எழுதுவது. கைரேகை வருகைப்பதிவுக் கருவி, பார்கோடு பிரிண்டர், எடைமேடை எல்லாம் பழைய சர்வரின் ஐபி முகவரியை நேரடியாகப் பிடித்திருக்கும். பட்டியலில் விட்டுப்போவதும் இவைதான். யூஎஸ்பி டாங்கிளில் (செருகினால்தான் ஓடவிடும் லைசென்ஸ் சாவி) ஓடும் மென்பொருள் இருந்தால், மாற்று லைசென்ஸை இப்போதே விற்பனையாளரிடம் கேளுங்கள். எவ்வளவு பெரிய மெஷின் வேண்டும் என்று தெரிய, சிபியு, ரேம், டிஸ்க் பயன்பாட்டை ஒரு முழு மாதம் அளந்துவிடுங்கள். மாதக் கடைசியும், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களானால் ஜிஎஸ்டிஆர்-1க்கான 11, 3பிக்கான 20 தேதிகளும் அதில் வர வேண்டும்.

2 டிபியை 100 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற, முழு வேகம் கிடைத்தாலே 44 மணி நேரம். நடைமுறையில் மூன்று நாள் ஆகலாம். முன்கூட்டியே ஏற்றி, மாறிய கோப்புகளை மட்டும் கடைசியில் அனுப்புங்கள்.

டேட்டாபேஸுக்கு முதலில் ஃபுல் பேக்கப். அதை கிளவுடில் நோ-ரெக்கவரி நிலையில் (பின்னால் வரும் பேக்கப்களையும் ஏற்கும் நிலை) ரீஸ்டோர். பிறகு 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (இடையில் நடந்த மாற்றங்கள் மட்டும்). சனி இரவு எல்லோரையும் வெளியேற்றிக் கடைசி லாகைப் போட்டால் ஈஆர்பி நிற்பது கொஞ்ச நேரம்தான். ஆனால் லாகின்கள் மாஸ்டரிலும், ஏஜென்ட் ஜாப்கள் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) எம்எஸ்டிபியிலும், அதாவது எஸ்க்யூஎல் சர்வரின் சொந்த டேட்டாபேஸ்களில், இருப்பதால் உங்கள் பேக்கப்பில் அவை வராது. தனியே ஸ்கிரிப்ட் எடுங்கள். லாகின் விடுபட்டால் திங்கள் காலையே தெரிந்துவிடும். இரவு பேக்கப் ஜாப் விடுபட்டால், பேக்கப் தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

திரும்பிப்போகும் எல்லையை முன்பே குறியுங்கள்: ஞாயிறு மாலை 4 மணிக்குள் சோதனை தேறாவிட்டால் பழைய சர்வருக்கே. திங்கள் இன்வாய்ஸ்கள் புதியதில் விழுந்தபின் திரும்பினால் அவற்றை மறுபடி ஏற்ற வேண்டும்.

கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022 திருத்தத்துக்குப் பிறகான கம்பெனி கணக்கு விதி. இந்தியாவுக்குள்ளேயே, அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில் மும்பை, ஹைதராபாத்; மைக்ரோசாஃப்டின் அஸூரில் புனே, சென்னை இருக்கின்றன. பேக்கப்பை வேறு அக்கவுண்டில் வையுங்கள். ஒரு பாஸ்வேர்டு திருடுபோனால் சர்வரும் பேக்கப்பும் சேர்ந்து அழியக் கூடாது.

அஸூரில் விண்டோஸுக்குள் ஷட்டவுன் கொடுத்தாலும் மெஷினுக்குப் பில் ஓடும், போர்ட்டலில் நிறுத்துங்கள். டிஸ்க் வாடகை அப்போதும் உண்டு.

பழைய சர்வரை ஒரு மாதக் கடைசியும் ஜிஎஸ்டி தாக்கலும் முடியும்வரை அழிக்காதீர்கள்.